சீனி கா ரௌசா: ஓடு பதிக்கிறவன் பார்த்த ஆக்ரா

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஆக்ராவில் எது பிடித்தது என்று கேட்கிறார்கள். தாஜ்மஹால் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குத் திருப்தி. எனக்கு மனதில் நிற்பது யமுனையின் எதிர்க்கரையில், உதிர்ந்துபோன சுவரோடு நிற்கும் சீனி கா ரௌசா என்ற சமாதி.

நான் திருகோணமலையில் இருபத்திரண்டு வருடமாக மாபிள், அதாவது சுவரிலும் தரையிலும் ஒட்டும் பளபளப்பான ஓடு, பதிக்கிறேன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளின் குளியலறைச் சுவர்களில் பாதி என் கையால் ஆனவை. கடந்த மார்கழியில் ஊரிலிருந்து காசி யாத்திரை போன குழுவில் நானும் மனைவியும் போனோம். திரும்பும் வழியில் ஆக்ராவுக்கு ஒரு நாள். அச்சிட்டுத் தந்த பயணத் திட்டத்தில் இந்தச் சமாதியும் இருந்தது. ஆனால் கூட்டிப்போனவர்கள், "அங்கே ஒன்றுமில்லை, எல்லாம் உடைந்து கிடக்கிறது" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைக் கொண்டுபோய் சலவைக்கல் பொருட்கள் விற்கும் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினார்கள். எனக்குக் கோபம் வந்தது. காசு வாங்கிய திட்டத்தில் எழுதியதைக் காட்ட வேண்டாமா? எங்கள் கோட்டை வாசலில் மீன் பொறித்த உடைந்த கல்லைப் பார்த்து வளர்ந்தவன் நான். உடைந்தது என்பதற்காக ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நாங்கள் இருவரும் ஓர் ஆட்டோ பிடித்துக்கொண்டோம்.

முதலில் இதிமாத்-உத்-தௌலா. முகலாய அரசி நூர்ஜஹான் தன் தந்தைக்காகக் கட்டி, 1628இல் முடித்த வெண்சலவைக்கல் சமாதி. அழகு, மறுக்கவில்லை. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போனால் சீனி கா ரௌசா.

பெயரைக் கேட்டதும் மனைவி, "சீனியில் கட்டினார்களா?" என்றாள். நாங்கள் தேநீருக்குப் போடுகிற சீனிதான் எங்களுக்கு முதலில் நினைவு வரும். இங்கே சீனி என்றால் சீனத்துப் பளபளப்பு ஏறிய ஓடு. ரௌசா என்றால் சமாதி. நாங்கள் சோறு போட்டுச் சாப்பிடுகிற பீங்கானும் பாரசீகத்திலிருந்து வந்த சொல்தான். தமிழும் பாரசீகமும் சீனமும் ஒரே கல்லில் நிற்பதைக் கொழும்பு நூதனசாலையில் பார்த்திருக்கிறேன்: காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அந்த மொழிகளோடு எங்களுக்கு உறவு பழையது.

உள்ளே அடங்கியிருப்பவர் அஃப்சல் கான். பாரசீகத்து ஷிராஸ் நகரத்து முல்லா ஷுக்ருல்லா என்பது அவருடைய பழைய பெயர். அறிஞர், கவிஞர், ஷாஜஹானின் முதல் அமைச்சர். 1639இல் லாகூரில் இறந்து இங்கே கொண்டுவரப்பட்டார். அவர் சகோதரர் அமானத் கான்தான் தாஜ்மஹாலின் எழுத்துகளை வரைந்தவர். அங்கே தன் பெயரையும் பொறித்திருக்கிறார். அந்தச் சகோதரரின் எழுத்தைப் பார்க்க உலகமே வரிசையில் நிற்கிறது. இவர் படுத்திருக்கும் இடத்தில் அன்று நாங்கள் இருவரும் காவலாளியும் மட்டும்.

இனிச் சுவர். செங்கல்லால் கட்டி, மேலே சாந்து பூசி, அதன்மேல் ஓடு பதித்திருக்கிறார்கள். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது, தூரத்திலிருந்து பார்த்தால் தோல் உரிந்த கட்டடம். கிட்டப் போங்கள். மிஞ்சியிருக்கிற ஒரு துண்டுச் சுவரின் முன்னால் நான் அரை மணி நேரம் நின்றேன்.

ஓர் ஓட்டின்மேல் பூவை வரைந்து சுட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். அப்படி இல்லை. நீல ஓடு நீலமாகவே, மஞ்சள் ஓடு மஞ்சளாகவே தனித்தனியே சுடப்பட்டிருக்கிறது. இதழ் ஒன்று ஒரு துண்டு, காம்பு ஒரு துண்டு, இலை ஒரு துண்டு, பூவுக்கும் பூவுக்கும் நடுவே தெரிகிற வெற்றிடமும் தனித் துண்டு. ஒரு சின்னப் பூவை மட்டும் எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று. எல்லாம் வளைவாக வெட்டியவை. எங்களுக்கு மின்சாரக் கிரைண்டர் இருந்தும், குழாய் வருகிற இடத்தில் ஒரு வட்டம் வெட்டுவதற்குள் இரண்டு மாபிள் உடைகிறது. இவர்கள் கையால் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, தாள் மட்டும் நுழையும் இடைவெளியில் சேர்த்திருக்கிறார்கள். வெள்ளைச் சீமெந்து தடவி மறைக்க அங்கே எதுவுமில்லை. பக்கத்தில் உதிர்ந்த இடத்தில், ஓடு போன பிறகும் அது உட்கார்ந்திருந்த பள்ளம் சாந்தில் அப்படியே தெரிந்தது. இதழ் இல்லை, இதழின் அச்சு இருக்கிறது. எந்த வரிசையில் வைத்தார்கள், எவ்வளவு அழுத்தினார்கள் என்பதையெல்லாம் அந்தப் பள்ளங்களில் படிக்கலாம். முழுதாக இருந்த சுவர் இதை எனக்குச் சொல்லியிராது.

சுவருக்குள் நீர் இறங்கினால் உவர் கிளம்பி ஓட்டை வெளியே தள்ளும். இது எங்கள் தொழிலின் அன்றாட வேதனை. பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் ஊரில் ஐந்து வருடத்தில் கழன்ற மாபிள்களை நானே திரும்பப் போய்ப் பதித்திருக்கிறேன். அதனால்தான், கிட்டத்தட்ட நானூறு வருட மழைக்காலங்களைத் தாண்டி அந்த நீலம் நிறம் மாறாமல் இருப்பதைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

உள்ளே எண்கோண மண்டபம், நடுவில் இரண்டு சமாதிகள். விதானத்தில் ஓடு இல்லை, வண்ண ஓவியம்தான், மங்கிவிட்டது. கழுத்தை நிமிர்த்தி நின்றால் கண் பழகப் பழகப் பூக்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அவசரப்படுகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. வெளியே குவிமாடம் மட்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கட்டடத்தின் அளவுக்குப் பொருந்தாமல் உருண்டு உட்கார்ந்திருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. தாஜ்மஹாலுக்குக் கடவுச்சீட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். இலங்கையருக்கு, சார்க் நாட்டவர் என்ற வகையில், மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு. வெள்ளிக்கிழமை அது மூடியிருக்கும், அன்றைக்கு இந்தக் கரையை வைத்துக்கொள்ளலாம். ரௌசாவின் வாசலில் கடை எதையும் நாங்கள் காணவில்லை, தண்ணீர்ப் போத்தலைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. விளக்கப் பலகையில் இருப்பது போதாது; அந்த ஓடு எப்படிச் செய்யப்பட்டது என்று ஒரு படம் வைத்திருந்தால், வருகிற பிள்ளைகள் சுவரைப் பார்த்துவிட்டு ஓடமாட்டார்கள். சுவரில் பெயர் கீறியவர்களை என்ன சொல்வது? தயவுசெய்து கையை வைக்காதீர்கள். ஒரு துண்டு விழுந்தால் அதே பச்சையை இன்று சுட்டெடுப்பது லேசான வேலை இல்லை.

காலையில் மூடுபனி, மார்கழியில் போனால் பதினொரு மணி வரை எதுவும் தெரியாது. மாலையில் போங்கள். ஆற்றுப் பக்கத்துச் சுவர் மேற்கைப் பார்த்தது, நான்கு மணிக்குமேல் வெயில் சாய்ந்து அதில் விழும். நாங்கள் புறப்படுகிற நேரத்தில் மனைவி என்னைக் கூப்பிட்டு, கீழே குனிந்து பார்க்கச் சொன்னாள். பாதி உடைந்த ஓர் இலையின் விளிம்பில், மேல்பூச்சுக்குக் கீழே ஓட்டின் உடம்பு தெரிந்தது. என் வேலைப் பையில் கிடக்கும் உடைந்த துண்டுகளில் நான் தினமும் பார்க்கிற அதே வெட்டு.