வீட்டில் எடுத்த புகையிலைச் சாறு: வடிகட்டியால் முடிவதும் முடியாததும்

வேப், அதாவது மின்-சிகரெட், டேங்கில் ஊற்றும் புகையிலைச் சாற்றை நானே வீட்டில் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. இருப்பது இங்கிலாந்தில், இங்கே வேப் பிடிக்கத் தடை இல்லை. இந்தியாவில் மின்-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாம் 2019 முதல் தடை. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருந்தாலே குற்றம். அங்கே இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

கடையில் 'டொபாக்கோ' என்று எழுதி விற்பதில் பெரும்பாலானவை செயற்கை வாசனைதான். கொஞ்சம் கேரமல், கொஞ்சம் வறுத்த கடலை, அவ்வளவே. சிகரெட்டை விட்ட பிறகு எனக்குத் தேவைப்பட்டது பைப் புகையிலை டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. அது இலையிலிருந்து மட்டும்தான் வரும்.

சாறு எடுப்பது பெரிய வித்தை இல்லை. இலையைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும்வரை பிஜி, அதாவது ப்ராப்பிலீன் கிளைகால், ஊற்ற வேண்டும். விஜி எனப்படும் கிளிசரினிலும் ஊறவைக்கலாம். ஆனால் அது கெட்டி, பிறகு தாளில் இறங்கவே இறங்காது. அவசரக்காரர்கள் ஜாடியை 60 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் வைக்கிறார்கள். சாறு சீக்கிரம் இறங்கும், ஆனால் மெல்லிய வாசனைகள் போய்ச் சற்றே வெந்த ருசி வரும். நான் அலமாரியில் ஆறு வாரம் விட்டுவிடுவேன், நினைவு வரும்போது ஒரு குலுக்கு. எத்தனாலில் எடுத்து, ஃப்ரீசரில் வைத்து மெழுகை இறக்கி, பிறகு ஆவியாக்கும் முறையும் உண்டு. கேஸ் அடுப்பு இருக்கும் சமையலறையில் அந்த ஆவியோடு விளையாட எனக்கு மனமில்லை. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை யாரும் தொடவே கூடாது; அதில் மெத்தனால் கலந்திருக்கிறது.

வேலை முழுக்க வடிகட்டுவதில்தான். முதலில் டீ வடிகட்டி. இலையைப் பிழியக் கூடாது. பிழிந்தால் நாலு சொட்டு கூடுதலாகக் கிடைக்கும், கூடவே அத்தனை நுண்துகளும் இறங்கிவிடும். அப்புறம் வெளுக்காத காபி ஃபில்டர் தாள், ஒரு ராத்திரி. மறுநாள் புஷ்னர் புனல், அதாவது பம்ப் வைத்துக் கீழிருந்து காற்றை உறிஞ்சி வடிக்கும் புனல். ஆய்வகத்துப் பம்ப் வாங்கத் தேவையில்லை. கார் உதிரிபாகக் கடையில் பிரேக் ஆயில் உறிஞ்ச ஒரு கைப்பம்ப் விற்கிறார்கள், புதிதாக வாங்கினால் அதுவே போதும். தாளைப் புனலில் வைத்ததும் சில சொட்டு பிஜி விட்டு நனைக்க வேண்டும். காய்ந்த தாள் ஓரத்தில் தூக்கிக்கொள்ளும், சாறு அந்த இடுக்கு வழியாகவே நழுவிவிடும். வாட்மேன் எனும் ஆய்வக வடிதாளில் 4-ஆம் எண் பிடிக்கும் துகள் அளவு 20 முதல் 25 மைக்ரான், 1-ஆம் எண் 11, 5-ஆம் எண் 2.5. இந்த வரிசையில் போனால்தான் நடக்கும். நேராக 5-க்குப் போனால் முதல் கரண்டியிலேயே அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். புட்டியைச் சற்று வெந்நீரில் வைத்தெடுத்தால் வேகம் கூடும். வடித்ததை இரண்டு வாரம் அசையாமல் வைத்தால் அடியில் கறுப்பாக ஒரு வளையம் படியும். மேலாக ஊற்றிக்கொண்டு அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர் வரைக்கும் போகிறவர்கள் உண்டு. நானும் பயன்படுத்தியிருக்கிறேன். கட்டைவிரல் வலித்தது, காசு கரைந்தது. ருசியிலும், டேங்குக்குள் சாற்றைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலின் ஆயுளிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. காரணம் எளிது. காயிலைக் கறுப்பாக்குவதில் பெரும்பங்கு சர்க்கரைக்கு. அது சாற்றில் கரைந்து கிடக்கிறது. கரைந்ததை எந்தத் தாளும் பிடிக்காது.

ஆகவே காயில் எத்தனை நாள் தாங்கும் என்பது இலை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. வெர்ஜீனியா இலையைச் சூடேற்றிய கொட்டகையில் வேகமாக உலர்த்துவார்கள். சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். சாறு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ஆனால் இரண்டே நாளில் காயிலுக்குள் சாற்றை உறிஞ்சும் பஞ்சு கரி. பர்லி இலை மெதுவாக, காற்றில் வாரக்கணக்கில் உலர்வது. அதற்குள் இலையே தன் சர்க்கரையைத் தின்றுவிடும். பர்லியும் சுருட்டு இலையும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குகின்றன. வாசனை சேர்த்த கேவண்டிஷ் என்ற பைப் புகையிலை படுமோசம்; இலைக்கு வெளியிலிருந்தும் இனிப்பு ஏற்றியிருப்பார்கள். சைப்ரஸ் லட்டாக்கியா விறகுப் புகையில் பதமானது, டேங்கில் ஊற்றும் பிஜி, விஜி கலவையில் அதன் சாறு 3 சதவீதம் போட்டாலே வீடு முழுக்க மணக்கும். வீட்டில் சண்டை வேண்டாம் என்றால் அதோடு நிறுத்துங்கள். மற்றவற்றுக்கு 10-ல் தொடங்கி 15-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

வாங்கிப் பொருத்தும் காயில் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. நாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் டேங்க் என்றால் பஞ்சை மட்டும் மாற்றினால் போதும். 12 முதல் 15 வாட்டில் நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் ருசி கருகுகிறது.

இயற்கைச் சாறு என்பதால் உடம்புக்கு நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நிகோட்டினும் அதில் இறங்கியிருக்கிறது, எவ்வளவு என்று வீட்டில் துல்லியமாக அளப்பது கடினம். புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் கரைந்து வரும். கையுறை இல்லாமல் தொடுவதில்லை. ஜாடி இருக்கும் அலமாரிக்குப் பூட்டு உண்டு. வாசனைக்காக எந்த எண்ணெயும் சேர்க்கக் கூடாது, அது நுரையீரலைக் கெடுக்கும்.

செலவு? இங்கே பைப் புகையிலை வரியோடு சேர்த்துக் கொள்ளை விலைதான். ஆனாலும் 50 கிராம் டப்பா ஒன்றிலிருந்து ஏறக்குறைய 200 மில்லி சாறு வருகிறது. 10 சதவீதத்தில் கலந்தால் இரண்டு லிட்டர். இப்போதைக்கு பர்லியோடு துளி லட்டாக்கியா, அதுதான் என் தினசரி. வெர்ஜீனியா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், திங்கள் காலையில் பஞ்சு மாற்றச் சோம்பல் இல்லாத வாரங்களில்.