45 நாள் லீவில் பாதி குப்புறப் படுத்தே போனது

சவுதியில், தமாமில் டிரெய்லர் ஓட்டுகிறேன். வால் எலும்புக்குப் பக்கத்தில், புட்டப் பிளவின் மேல்முனையில் வந்த ஒரு கட்டி, உடைவதும் ஆறுவதும் திரும்ப வீங்குவதுமாக ஒரு வருடம் படுத்தியது. தமாமிலேயே ஒருமுறை கீறிச் சீழை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்துவிட்டது. இடம் அப்படிப்பட்ட இடம், யாரிடம் சொல்ல? ஊருக்கு வந்த மூன்றாம் நாள் லுங்கியில் கறையைப் பார்த்து மனைவிதான் பிடித்தாள்.

நம்மூரில் அந்தப் பக்கம் எது வந்தாலும் மூலம்தான். புதுக்கோட்டையில் 'மூலம், பவுத்திரம்' போர்டு போட்ட ஒரு இடத்துக்குப் போனேன். சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பவுத்திரம், அதாவது ஆசனவாயிலிருந்து புரை ஓடியிருக்கிறது என்று சொல்லி லேகியம் கொடுத்து 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் திருச்சி, தில்லைநகரில் ஒரு சர்ஜன். டார்ச் அடித்துப் பார்த்தவர், "ஆசனவாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி" என்றார். நடுக்கோட்டில் ஊசிமுனை அளவில் மூன்று துளைகள், ஒன்றில் முடி நீட்டிக்கொண்டிருக்கிறதாம். பைலோனிடல் சைனஸ். முடிக்கூடு என்று அர்த்தம். உதிர்ந்த முடி அந்தப் பிளவில் சேர்ந்து, வியர்வையிலும் உரசலிலும் தோலைக் குத்தி உள்ளே போய்விடுகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்துச் சீழ் கட்டுகிறது. சலூன்காரர்களுக்கு விரல் இடுக்கில்கூட வருமாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போன ஏகப்பட்ட பேருக்கு வந்ததால் 'ஜீப் வியாதி' என்றே பெயர் வைத்தார்களாம். டிரெய்லருக்கு மட்டும் விதிவிலக்கா என்ன!

என்னென்ன வழி என்று அவரே சொன்னார். வெட்டியெடுத்துக் காயத்தைத் திறந்தே விட்டால் தினமும் கட்டுப் போட்டு ஆற மாதக்கணக்காகலாம். நடுவிலேயே நேராகத் தைத்தால் பிரியவும் திரும்ப வரவும் வாய்ப்பு அதிகம். லேசரில் காயம் சின்னது, ஆனால் எனக்கு உள்ளே கிளை பிரிந்திருந்தது. லீவு எத்தனை நாள் என்று கேட்டுவிட்டுத்தான் லிம்பர்க் ஃபிளாப் என்றார். சாய்சதுரமாக வெட்டியெடுத்து, பக்கத்துத் தோலையும் கொழுப்பையும் திருப்பி மூடுவது. தையல் நடுக்கோட்டை விட்டு விலகிப் போகும், பிளவும் ஆழம் குறையும். "இனி வரவே வராதுன்னு எழுதித் தரமாட்டேன்" என்று அவரே சொன்னதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதுகில் மரத்துப்போக ஊசி, ஒரு மணி நேர ஆபரேஷன், மூன்று நாள் படுக்கை. 62,000 என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள், பில் 64,300 வந்தது. எம்ஆர்ஐ ஸ்கேனுக்குத் தனி. அதில் குறையில்லை. ஆனால் வீல்சேர் தள்ளியவர் முதல் துடைக்க வந்தவர் வரை டீ காசு கேட்டதும், டிஸ்சார்ஜுக்கு காலையிலிருந்து நாலு மணி வரை காக்க வைத்ததும் எரிச்சல். உட்காரவும் முடியாத ஆளை!

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கசிந்து, ஒரு வாரம் கட்டுப் போட்டதும் நின்றது. சுற்றிலும் முடி வளரவிடக் கூடாது என்பதால் டிரிம்மர் மனைவி கையில்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி நின்றுகொண்டே பேசி அனுப்பினேன். பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற சித்தப்பா மகன் மட்டும் எல்லோரும் போனபிறகு திரும்பி வந்தான்.

"அண்ணே, அண்ணி சொன்னாங்க. எனக்கும் அதே எடத்துலதான். ஆறு மாசமா மூலத்துக்கு மருந்து சாப்பிடுறேன்."