'வாசனை கலக்காத' மசாஜ் ஆயில்னு நம்பி 14,600 ரூபாய் போச்சு. கையால பொழைக்கிறவங்க படிங்க

வலது கை விரல் இடுக்கெல்லாம் நீர்க்கொப்புளம். ஜவ்வரிசி மாதிரி பொடிப்பொடியா. நேத்து ராத்திரி பூரா அரிப்புல தூக்கமே இல்ல. இடது கை கட்டைவிரலாலதான் டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. நடந்ததை முழுசா சொல்லிட்டு, என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

கோயம்புத்தூர்ல 11 வருஷமா மசாஜ் வேலை. முதல்ல ஸ்பாவுல, இப்ப பெண்களுக்கு மட்டும் வீட்டுக்கே போய்ப் பண்றேன். போன வருஷம் ரெண்டு கையும் வெடிச்சு ரத்தம் வந்துச்சு. எந்தப் பொருள் ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்க, தோல் டாக்டரம்மா முதுகுல வரிசையா குட்டிக்குட்டிப் பட்டி ஒட்டி, தண்ணி படக்கூடாதுன்னாங்க. 48 மணி நேரம் கழிச்சு எடுத்துப் பார்த்தாங்க, நாலாம் நாள் மறுபடியும் பார்த்தாங்க. வாசனைப் பொருள் ஒட்டின இடம் மட்டும் சிவந்து தடிச்சிருந்தது. லாவெண்டர் எண்ணெய்ல இருக்குற லினலூல், ஆரஞ்சுத்தோல் எண்ணெய்ல இருக்குற லிமோனீன், இதெல்லாம் காத்துப் பட்டு மாறுறப்போதான் தோலுக்கு ரொம்ப ஆகாதாம். ஸ்பாவுல மாசக்கணக்கா மூடாமயே புழங்கின பாட்டில்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. "வந்துட்டா இந்த அலர்ஜி போகாதும்மா, வாசனையே இல்லாத எண்ணெயாப் பார்த்துத் தொடுங்க"ன்னாங்க.

அப்படித் தேடினப்போதான் ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்துல, ஸ்பாக்களுக்கு மொத்தமா சரக்குக் குடுக்குற ஒரு கடை கிடைச்சுது. 'வாசனை சேர்க்காதது, 100% இயற்கை, அலர்ஜி வராது'ன்னு போட்டிருந்தாங்க. நான் அதைப் பார்த்த உடனே வாங்கல. டாக்டர் சீட்டையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிக் கேட்டேன். அந்தத் தம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டாரு: "அக்கா, எங்கம்மாவும் உங்கள மாதிரி கையால உழைச்சவங்கதான். ஒரு சொட்டு சென்ட் கிடையாது. தைரியமா வாங்குங்கக்கா." எங்கம்மான்னு சொன்னதுல மனசு இளகிடுச்சு. மூணு தடவை போட்டுக் கேட்டேன். 5 லிட்டர் கேன் நாலு, 14,600 ரூபாய். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வெச்சிருந்த பணம்.

இருந்த எண்ணெய் தீர்ந்து, ஒன்பதாம் நாள்தான் முதல் கேனைத் திறந்தேன். லேசா ஒரு வாசம் வந்துச்சு, எண்ணெயோட வாசம்தான்னு நினைச்சுட்டேன். அன்னைக்கு மூணு வீடு. இந்த அலர்ஜி தொட்ட உடனே காட்டாது. மறுநாள் சாயந்திரம் அரிப்பு, அடுத்த நாள் கொப்புளம்.

அப்பதான் கேனைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தேன். ஸ்டிக்கரோட ஓரம் தடிப்பா இருந்தது. ஈரத்துணி போட்டு ஊறவெச்சு, நகத்தால மெதுவா உரிச்சேன். அடியில இன்னொரு லேபிள். பொடி எழுத்துல பெர்ஃப்யூம், லினலூல், லிமோனீன். டாக்டர் சீட்டுல பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான பேருங்க. அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்தாச்சுன்னு காட்டுது, பதில் இல்ல. மறுநாள், "மேடம், உங்க சோப்பு ஒத்துக்கலையோ என்னவோ." காசு வாங்குற வரைக்கும் அக்கா, இப்ப மேடம். அப்புறம் "லேபிள் மாறியிருக்கும்". அதுக்கப்புறம் பிளாக். தளத்தோட கஸ்டமர் கேர்ல நாலு பேர்கிட்ட நாலு தடவை முதல்லேர்ந்து சொன்னேன். 7 நாள் தாண்டிடுச்சாம், சீல் உடைச்சாச்சாம். சரிங்க, சீல் உடைக்காத மூணு கேனையாவது எடுத்துக்கங்கன்னேன். "புரியுதுங்க மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா?"ன்னு கேட்டு வெச்சுட்டாங்க. புகார் முடிஞ்சுதுன்னு மெசேஜ் வருது. எனக்கு எங்க முடிஞ்சுது? 14,600 ரூபாய் போனது போக, பத்து நாளா வேலையும் இல்ல. பிள்ளை பெத்த ஒரு பொண்ணுக்கு 40 நாள் ஒத்துக்கிட்டிருந்தேன், அதையும் வேற ஆளுக்கு விட்டாச்சு.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன். ஆன்லைன் வியாபாரத்துக்கு 2020-ல வந்த விதிப்படி, குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். விடுறதா இல்ல.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், கை எரியுது, முடியல. இயற்கைன்னு போட்டா நம்பாதீங்க, லினலூலும் செடியில இருந்து வர்றதுதான். கேன் வந்த அன்னைக்கே ஸ்டிக்கரைத் தடவிப் பாருங்க, திறக்குறதை வீடியோ எடுங்க. முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. அரிப்புக்கு மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்கித் தடவாதீங்க, தோல் மெலிஞ்சுடும், டாக்டர்கிட்ட போங்க. லேடெக்ஸ் கிளவுஸ் எண்ணெய்ல இத்துப் போயிடும், அதை நம்பியும் தொடாதீங்க.

மூணு கேனும் மாடிப்படிக்கு அடியில சாட்சிக்கு இருக்கு, ஸ்டிக்கரைத் தொடல. உங்ககிட்ட இதே மாதிரி ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டின கேன் இருந்தா போட்டோ அனுப்புங்க, என் புகாரோட சேர்த்துக் குடுக்குறேன்.