கோலாவா, இளநீரா? ஆஸ்பத்திரி மெஷின் முன்னால் ஒரு கணக்கு

ராத்திரி இரண்டு மணி, ஐசியு வாசல். கேன்டீன் மூடிவிட்டது. மூலையில் விளக்கெரியும் மெஷினில் தண்ணீர் பாட்டில் வரிசை காலி. மிச்சம் இரண்டுதான்: 300 மில்லி கோலா கேன், 200 மில்லி இளநீர் டப்பா.

வழக்கமான கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை. முழுக் கேனுக்கு 32 கிராம், அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல். நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூக்கத்தை விரட்டத்தான் குடிக்கிறேன் என்பார்கள். அதிலுள்ள காஃபீன் ஒரு நல்ல ஃபில்டர் காபிக்குப் பக்கத்தில்கூட வராது.

இளநீரில் சர்க்கரை அதில் பாதிகூட இருக்காது, அதுவும் தனியாகச் சேர்க்காமல் இருந்தால். டப்பாவின் பின்பக்கம் பார்த்துவிடுங்கள்.

சரி, இளநீரையே எடுத்துவிடலாமா? படுத்திருப்பவர் டயாலிசிஸ் நோயாளி என்றால் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் இதயத்துடிப்பே தடுமாறும். அவருக்குக் கோலாவும் ஆகாது, அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலத்தின் பாஸ்பரஸையும் அந்தச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது.

கோலாவுக்கும் ஒரு வேளை உண்டு. இன்சுலின் போட்டவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், அரை கேன் உடனே கைகொடுக்கும். அவசரத்தில் டயட் கோலாவைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சர்க்கரையே கிடையாது.

துணைக்கு உட்கார்ந்திருக்கும் எனக்கு? இளநீர்தான்.