ஸ்டாம்பிங் அடுக்கை ஒட்ட எது: சூப்பர் க்ளூவா, அரக்கா, எபாக்சியா?

கஞ்சிக்கோட்டிலும், வாளையாறு தாண்டி கோவைப் பக்கமும் பம்ப் மோட்டாருக்கு மாதிரி ஸ்டேட்டர் (மோட்டாரில் சுழலாமல் நிற்கும் இரும்புப் பகுதி) செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நிறைய. தகட்டைக் குத்தி வெட்டும் பஞ்சிங் டை போடுவதற்கு முன், 0.5 மி.மீ. சிலிக்கான் எஃகுத் தகடு (இதுதான் ஸ்டாம்பிங்) நூறை அடுக்கி, 50 மி.மீ. கட்டியாக்கி, வயர் கட்டில், அதாவது மெல்லிய கம்பியின் மின்பொறியால் அறுக்கும் இயந்திரத்தில், உருவத்தை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். அடுக்கின் பக்கவாட்டில் வெல்டு ஓட்டினால் தகடுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு பெற்று எடி கரண்ட் (இரும்புக்குள்ளேயே சுழலும் மின்சாரம்) இழப்பு ஏறும். சோதனை முடிவே பொய்யாகும். ஆகவே பசை. அதில் எங்கள் பட்டறையில் நிலைத்தது தண்ணீர் போல ஓடும் சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் க்ளூவின் மெல்லிய ரகம். அது மற்றதைவிட வலுவானது என்பதால் இல்லை. சேதமில்லாமல் பிரிந்து வருவதால்.

மாதிரி அடுக்கை ஏன் பிரிக்க வேண்டும் என்றால், வயர் கட்டில் உருகிய உலோகம் விளிம்பில் ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குப் பாலம் போட்டுவிடும். சுழலும் வெட்டுளியால் செதுக்கும் மில்லிங்கில் பிசிறு அதே வேலையைச் செய்யும். தகடு தகடாகப் பிரித்துப் பிசிறு தேய்த்தால்தான் தகடுகளுக்கு நடுவே மின்காப்பு திரும்பும். தவிர, 50 மி.மீ. உயரத்தில் சோதித்த அதே தகடுகளை 60-க்கு ஏற்றிப் பார்க்க வேண்டும், சாய்த்து அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார்.

இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண டேப்பே 0.1 மி.மீ. சுமார் இருக்கும், தகடு நழுவும். போல்ட் பூட்டுக்குப் போடும் அனரோபிக் பசைக்குக் காற்றில்லாத இடமும் வெறும் உலோகமும் வேண்டும். காப்புப் பூச்சுள்ள தகட்டில் இறுக நாளாகும். தகட்டோடே பசைப் பூச்சு வரும் பேக்லாக் ரகம் அழுத்தத்தில் 200 டிகிரி சுமாருக்குச் சுட்டால் ஒரே கல்லாகிவிடும். உற்பத்திக்கு அருமை, ஆனால் பிரிக்கவே முடியாது.

எபாக்சிக்கு வருவோம். அரால்டைட் போன்ற இரண்டு கலவைப் பசையின் பிடிமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை தடிமனில் இருக்கிறது. நூறு தகட்டுக்கு 99 இடைவெளி. ஒவ்வொன்றிலும் 10 மைக்ரான் பசை நின்றால் கட்டி ஏறக்குறைய 1 மி.மீ. வீங்கும், பிரஷ்ஷில் தடவினால் 10 மைக்ரானில் நிற்காது. அதற்கு மேல், வயர் கட்டில் தடித்த பசைக் கோடு மின்சாரம் கடத்தாததால் பொறி தடுமாறி வயர் அறும். பிரிக்க வேண்டுமென்றால் 250 டிகிரிக்கு மேல் கருக்கி, ஒவ்வொரு தகட்டையும் சுரண்ட வேண்டும். அப்படிச் சுரண்டும்போது காப்புப் பூச்சும் கூடவே போகும்.

அரக்குக்கு நல்ல மரியாதை உண்டு. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் காலங்காலமாகச் சின்ன உருப்படிகளை அதில்தான் நிறுத்திக் கடைந்தார்கள். ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவி, காயவிட்டு, சூடேற்றி அழுத்தினால் ஒட்டும்; மறுபடி சூடேற்றினால் 80 டிகிரி சுமாரிலேயே இளகி விடும். கூலன்ட் இல்லாமல் மெதுவாக அரம் போடும் வேலைக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அரக்கு காரத்தில் கரையும். மில்லிங்கில் ஊற்றும் வெள்ளைக் கூலன்ட் காரத்தன்மை உள்ளது. விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டே போய், வெட்டு நடுவில் இருக்கும்போது மேல் தகடு எழும்பும். கூலன்டை நிறுத்தினாலோ வெட்டும் சூட்டிலேயே இளகும்.

சயனோஅக்ரிலேட்டைத் தகட்டில் தடவி அடுக்கக் கூடாது. அடுக்கி இறுக்கிய பின் விளிம்பில் விட வேண்டும். 100 மி.மீ. விட்டமுள்ள ஸ்டேட்டருக்கு 110 மி.மீ. சதுரத் தகடு எடுத்து, நான்கு மூலையிலும் போல்ட் ஓட்டை போட்டு, எண்ணெய்ப் பிசுக்கை ஆசிட்டோனில் துடைத்துக் காயவிடுங்கள். மேலும் கீழும் 3 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) தகடு வைத்து இறுக்குங்கள். அவையும் சேர்ந்து வெட்டுப்படும், மேல் தகடு சிதையாது. பசையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விட்டால் அது தானாக இடைவெளிக்குள் ஏறும், காற்று எதிர்ப்பக்கம் வெளியேறும். நான்கு பக்கமும் விட்டால் காற்று நடுவில் சிக்கி, பசை உள்ளே போகாது. சீக்கிரம் இறுக ஆக்டிவேட்டர் அடிக்காதீர்கள், நுரைத்து நொறுங்கும். ஒரு நாள் விடுவதே சரி. காப்புத் தகடுகள் தனித்தனியாக இருப்பதால் வயர் கட்டுக்கு மின்தொடர்பு வேண்டும். கழிவாகப் போகும் வெளி ஓரத்தில் மட்டும் ஒரு வெல்டுக் கோடு ஓட்டினால் போதும்.

பலரும் கவனிக்காத ஒன்று: சதுரத்தின் ஓரத்தில் விட்ட பசையில் பெரும்பகுதி, வெளி வட்டம் வெட்டியதும் கழிவோடு போய்விடும், கையில் உதிர்ந்த தகடுகள் நிற்கும். ஆகவே முதலில் உள்வட்டத்தையும் ஸ்லாட்டுகளையும் (கம்பி சுற்றும் பள்ளங்கள்) வெட்டி நிறுத்துங்கள். காற்றடித்து, 60 டிகிரியில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பசை வாசலிலேயே இறுகிவிடும். பிறகு ஸ்லாட் வழியாகப் பசை விட்டு, மறுநாள் வெளி வட்டத்தை வெட்டுங்கள். கட்டியை நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தால் இந்தப் பசை தளரும்.

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் காற்றின் ஈரத்திலேயே இது வேகமாக இறுகும், விளிம்பு வெள்ளை பூக்கும், திறந்த பாட்டில் கெட்டியாகும். தை மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் கிழக்குக் காற்று வறட்டி எடுக்கும்போது அதே பசை சோம்பும். பாட்டிலைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, அறைச் சூடு வந்த பிறகே திறக்க வேண்டும்.

இனி பிரிப்பது. ஆசிட்டோன் விளிம்பு வழியாக மட்டுமே நுழையும். வெட்டாத சதுரத்தில் நடு இடம் ஓரத்திலிருந்து 55 மி.மீ. தள்ளி இருப்பதால் நாள்கணக்கில் ஊறினாலும் அசையாது. வெட்டிய ஸ்டேட்டரிலோ பல்லும் ஸ்லாட்டுமாக எங்கும் விளிம்புதான், 12 மி.மீ. அகல வளையத்தின் நடுவே 6 மி.மீ.தான் உள்ளே. மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் ஒரு ராத்திரி ஊறினால் பெரும்பாலும் போதும். பிரியாவிட்டால் எடுத்து முழுக்கக் காயவைத்து, ஓவனில் 180 முதல் 200 டிகிரி வரை கட்டி முழுதும் சூடேறும்படி வையுங்கள். ஆசிட்டோன் ஈரத்தோடு ஓவனுக்குள் வைத்தால் தீப்பிடிக்கும். புகை கண்ணை எரிக்கும். ஓவன் வெளித்திண்ணையில் இருக்கட்டும்.

சூட்டோடு கையுறை போட்டுத் தகட்டைப் பக்கவாட்டில் திருகித் தள்ளுங்கள். விளிம்பில் பிளேடு விட்டு மேலே தூக்கினால் சுலபமாக உரியும், ஆனால் தகடு வளையும். சிலிக்கான் எஃகு ஒருமுறை மடங்கி நிமிர்ந்தாலே காந்த இழப்பு கூடிவிடும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிவதை நம்ப முடியாது. 0.2 மி.மீ. தகட்டில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும், அதற்கு மேலே சொன்ன நேரங்களை அப்படியே எடுக்காமல் பத்துத் தகட்டு அடுக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிட்டோன் உங்கள் தகட்டின் பூச்சைக் கரைக்கிறதா என்பதையும் ஒரு துண்டில் முதலிலேயே பார்க்க வேண்டும். கரிமப் பூச்சில் சில மிருதுவாகும்.

பிசிறு தேய்த்து மறுபடி அடுக்கிய பின், ஓடப்போகும் மோட்டாருக்குள் சூப்பர் க்ளூ வேண்டாம். எஃப் கிளாஸ் மின்காப்புள்ள வைண்டிங் (கம்பிச் சுற்று) 155 டிகிரி வரை போகும், இது 80-லேயே தளரும். அந்த அடுக்கை போல்ட்டில் இறுக்கி, வைண்டிங்கோடு சேர்த்து வார்னிஷில் முக்கிச் சுட்டுவிடுங்கள்.