முதல் ஹெட்ஷாட்: ஸ்டுடியோ விளக்கா, வாசல் வெளிச்சமா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், சாலிகிராமத்தில் ஒரு திரைப்படத்துக்கான நடிகர் தேர்வு நடந்த அறையில், உதவி இயக்குநர் ஒருவர் தம் கைப்பேசியில் இருந்த என் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. படத்தைப் பார்த்து அவர்கள் என்னை அழைத்திருந்தது ஒரு கல்லூரி விரிவுரையாளர் பாத்திரத்துக்கு. அதே கதையில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் மூத்த மகளின் பாத்திரம் ஒன்றும் இருந்தது என்பதும், அதற்கான ஆளை முந்தின வாரமே முடிவு செய்துவிட்டார்கள் என்பதும் அங்கே காத்திருந்தபோதுதான் தெரிந்தது. நான் சாத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த மூத்த மகளை எனக்கு நன்றாகத் தெரியும். என் படத்துக்குத்தான் அவளைத் தெரியவில்லை.

அந்தப் படங்கள் என் முதல் ஹெட்ஷாட்டுகள், அதாவது நடிகர் தேர்வுக்கு அனுப்பும் முகப்படங்கள். வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில், ஒப்பனைக்கு 4,000, படப்பிடிப்புக்கும் திருத்தத்துக்கும் 14,000 என்று மொத்தம் 18,000 ரூபாய் செலவழித்து எடுத்தவை. அவை வந்த நாளில் நான் மிகவும் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு விமர்சனங்கள் வரத் தொடங்கின. எங்கள் நாடகக் குழுவின் ஆசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, கண்ணு கேமராவப் பாக்குது, யாரையும் பாக்கலையே" என்றார். நடிகர் தேர்வுப் பணியில் இருக்கும் ஒரு தோழி, தோல் இரண்டு நிறம் வெளுத்திருப்பதையும், தாடைக்குக் கீழே இருக்கும் தழும்பு காணாமல் போனதையும் சுட்டிக்காட்டினாள். அம்மா மட்டும், "மகாலட்சுமி மாதிரி இருக்கே" என்றாள். சேலையின் நிறம், முடி விழும் பக்கம், புன்னகையின் அளவு ஆகியவற்றைப் பற்றி வந்தவற்றை நான் ஒதுக்கிவைத்தேன். அவை அவரவர் விருப்பம். ஆனால் ஆசிரியரும் தோழியும் உதவி இயக்குநரும், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே குறையை மூன்று விதமாகச் சொன்னபோது அதை ஒதுக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, குழுவில் ஒளியமைப்பு செய்யும் நண்பனைக் கொண்டு, மேற்கு மாம்பலத்தில் நான் தங்கியிருக்கும் வீட்டின் வாசற்படியில் மீண்டும் படம் எடுத்தேன். இந்த இரண்டு வழிகளையும்தான் இங்கே ஒப்பிடுகிறேன். என் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை.

செலவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. வாசற்படியில் எடுக்க எனக்கு ஆனது, ஒரு லென்ஸின் ஒரு நாள் வாடகை, ஒரு தெர்மாகோல் அட்டை, காலைச் சிற்றுண்டி என எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய்க்கும் குறைவு. ஸ்டுடியோவில் வெளிச்சம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேலை நடக்கும், நாலைந்து உடைகளை வசதியாக மாற்றிக்கொள்ளலாம் என்பனவும் எல்லோரும் அறிந்தவையே. முழு உருவப் படங்களுக்கு ஸ்டுடியோ மேலானது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

நிறம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஸ்டுடியோவில் என் முகம் வெளுத்ததற்கு அந்தப் புகைப்படக் கலைஞரின் ரசனை மட்டும் காரணமன்று. தானியங்கி முறையில் இயங்கும் கேமரா, தன் முன் இருக்கும் காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி வெளிச்சத்தை அளக்கிறது. பின்னால் வெள்ளைத் திரை தொங்கும்போது, அந்த வெள்ளையை அடக்குவதற்காக அது வெளிச்சத்தைக் குறைத்துவிட, கறுத்த முகம் மேலும் இருண்டு போகிறது. பிறகு கணினியில் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் தூக்கிவிடுகிறார்கள். அப்படித் தூக்கும்போது கன்னத்தின் மேடும் பள்ளமும் தேய்ந்து, தோல் மாவு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. இருபுறமும் சம அளவில் குடைவிளக்கு வைக்கும் வழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. கறுத்த தோலுக்கு வடிவம் கொடுப்பது, அதன்மேல் விழும் வெளிச்சத்தின் அளவைக் காட்டிலும், அது திருப்பித் தரும் மினுக்கமே. ஒரு பக்கத்திலிருந்து வரும் பெரிய, மென்மையான ஒளியில் நெற்றியும் கன்ன எலும்பும் மூக்கின் முனையும் தனித்தனியே மின்னும்போதுதான் அந்த முகம் யாருடையது என்று தெரிகிறது.

வாசற்படி அத்தகைய ஒளியைத் தானாகவே தருகிறது. நேர்வெயில் படாத வாசலில், படிக்கு ஓரடி உள்ளே நின்றால், திறந்த வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடும். சென்னையில் காலை ஏழு மணி முதல் எட்டரை வரை அந்த ஒளி முகத்துக்கு இணக்கமாக இருக்கிறது. அதற்கு மேல் சூரியன் உயர்ந்து, மொட்டை மாடியிலும் தெருவிலும் கண்குழிகளில் நிழல் விழத் தொடங்கும். தாடைக்குக் கீழே படியும் இருட்டைப் போக்க, மார்பு உயரத்தில் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் போதும். நம் படப்பிடிப்புத் தளங்களில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. எதிர்வீட்டுச் சுவரின் நிறத்தை மட்டும் கவனிக்க வேண்டும். என் முதல் சுற்றுப் படங்களில் பாதி, எதிரே இருந்த பச்சைச் சுவரின் சாயல் கன்னத்தில் ஏறியதால் வீணாயின.

லென்ஸைப் பொறுத்தவரை, ஸ்டுடியோவில் 85 மில்லிமீட்டர் லென்ஸ் பயன்படுத்தினார்கள். நாங்கள் சிறிய சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) கொண்ட கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினோம். சென்சார் சிறியது என்பதால் கிடைக்கும் கோணம் ஏறக்குறைய ஒன்றே. முகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம்தான். ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்தால் மூக்கும் காதும் உள்ளபடி விழும். கைப்பேசியை ஒன்றரை அடியில் நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். பின்புலத்தை முழுவதும் கரைத்துவிடும் ஆசையில் லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப் 1.8 வைத்தபோது, முகம் சற்றுத் திரும்பிய படங்களில் ஒரு கண் மங்கிவிட்டது. துளையைச் சுருக்கி எஃப் 4-இல் எடுத்தபோது இரண்டு கண்களும் தெளிவாக வந்தன.

'கண்ணு யாரையும் பாக்கலையே' என்ற விமர்சனத்துக்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. ஸ்டுடியோவில் எனக்கு ஒதுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். அதற்குள் நான்கு உடைகள். 'சின் டவுன், ஸ்மைல்' என்ற கட்டளைகளுக்கு இடையே மனத்தில் எதையும் நிறுத்திக்கொள்ள நேரமில்லை. வாசற்படியில் நண்பன் கேமராவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தின் எதிர்வசனங்களைச் சொன்னான். நான் வாய்திறவாமல் மனத்துக்குள் பதில் சொன்னேன். ஆசிரியர் ஏற்றுக்கொண்ட இரண்டு படங்களும் அப்படிக் கிடைத்தவையே. பொறுமையுள்ள புகைப்படக் கலைஞர் ஒருவர் ஸ்டுடியோவிலும் இதைச் செய்திருக்கக்கூடும் என்பதால், இந்த வேறுபாட்டை முழுக்க இடத்தின் கணக்கில் எழுத மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஹெட்ஷாட்டை ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளும் பொருளாகவே முதலில் நான் நினைத்திருந்தேன். அப்படியன்று என்பது ஆறே மாதத்தில் புரிந்துவிட்டது. பங்குனியில் இடுப்பு வரை முடி இருந்தது. வைகாசியில் ஒரு நாடகத்துக்காகத் தோள் வரை வெட்டினேன். ஊர் ஊராக வீதி நாடகம் போட்டதில் நிறம் இன்னும் கறுத்தது, ஐந்து கிலோ எடை குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய படம் எடுத்திருக்க வேண்டும். ஆனால் 18,000 ரூபாயை மறுபடி எங்கே தேடுவது என்ற தயக்கத்தில், இல்லாத முடியையும் இல்லாத கன்னத்தையும் காட்டும் படத்தையே மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தேன். பெருஞ்செலவில் எடுத்த படத்தைக் கைவிட மனம் வருவதில்லை. பழைய படங்கள் அறைக்கு அறை சுற்றுவதற்கு அந்தத் தயக்கமே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு பராமரிப்பும் உண்டு, அது ஸ்டுடியோப் படம் நம் முகத்தின்மேல் சுமத்துவது. ஒப்பனையோடும் திருத்தத்தோடும் ஒரு முகத்தை அனுப்பிவிட்டால், ஒவ்வொரு தேர்வுக்கும் அந்த முகத்தையே சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில், பேருந்தில் நின்றபடி வடபழனிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஃபவுண்டேஷன் கழுத்துவரை வழிந்துவிடும். அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். போன இடத்தில் கழிவறை இருக்குமா, கண்ணாடி இருக்குமா என்ற கவலையில் வசனத்தை மறந்த நாள்களும் உண்டு. வாசற்படிப் படங்களை அனுப்பத் தொடங்கியபின், முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போகிறேன். படத்தில் இருப்பவள்தான் உள்ளே வருகிறாள். அந்தப் படங்களை இதுவரை மூன்று முறை புதுப்பித்திருக்கிறேன். மூன்று முறைக்கும் சேர்த்து ஆன செலவு, ஸ்டுடியோவில் ஒப்பனைக்கு மட்டும் கொடுத்த தொகையைத் தொடவில்லை.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற இடங்களில், எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில் அச்சிட்ட முகப்படத்தின் பின்புறம் நடிகரின் அனுபவக் குறிப்பை இணைத்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அங்கே முதல் விதியாகச் சொல்லப்படுவது, படம் அன்றைய உங்களைப் போல இருக்க வேண்டும் என்பதே. நம் ஊரில் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோடம்பாக்கத்துக் கம்பெனிகளில் ஏறி இறங்கிய காலம் போய், இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்புகிறோம். அங்கே நம் படம் முதலில் தெரிவது கட்டைவிரல் அளவில்தான். ஸ்டுடியோக்காரர் பெருமையோடு செய்த பின்புல வேலைப்பாடு எதுவும் அந்த அளவில் எடுபடவில்லை. முகமும் தோளும் சட்டத்தை நிறைத்திருக்கும் படமே நின்றது. சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும் என்பதால், ஆவணமாக அனுப்புகிறேன். கோப்பின் பெயரிலேயே என் பெயர், உயரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சேர்த்துவிடுகிறேன்.

பெண்களுக்காக ஒன்று சொல்ல விரும்புகிறேன். அறிமுகமில்லாத ஸ்டுடியோவுக்குத் தனியாகப் போகாதீர்கள். உடன் வருபவரை வெளியே உட்காரச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். 'வாய்ப்புத் தருகிறோம், ஆனால் படம் எங்களிடம்தான் எடுக்க வேண்டும்' என்று பணம் கேட்பவரின் வாய்ப்பு அந்தப் பணத்தோடு முடிந்துவிடும். எனக்குப் படம் எடுத்தவர் கண்ணியமானவர். ஆனால் அதே ஆண்டில் என் தோழி ஒருத்தி இரண்டு இடங்களிலிருந்து பாதியில் எழுந்து வர வேண்டியிருந்தது. வாசற்படி வழியில், யார் எடுக்கிறார், யார் உடன் இருக்கிறார், எந்தப் படம் யாரிடம் போகிறது என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது.

விளம்பரப் படத் தேர்வுகளுக்கு நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன். அந்த இரண்டிலும் ஸ்டுடியோப் படங்களைத்தான் கேட்டார்கள். நகை, பட்டுச் சேலை போன்றவற்றுக்கு மெருகேறிய தோற்றமே அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆகவே அந்தத் துறையை நோக்கிப் போகிறவர்களிடம் வாசற்படி போதும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சின்னத்திரைத் தொடர்களிலும் ஒப்பனை முகத்துக்கு மதிப்பு அதிகம் இருக்கலாம். நான் அங்கே முயன்றதில்லை. நாயகன், நாயகி வாய்ப்பைத் தேடுபவர்களின் கணக்கும் வேறாக இருக்கக்கூடும். நான் தேடுவது குணச்சித்திர, துணைப் பாத்திரங்களை. மேலே சொன்ன அனுபவம் எல்லாம் அந்த எல்லைக்குள் அடங்கியதே.

ஸ்டுடியோப் படங்களை நான் அழித்துவிடவில்லை. அவற்றில் கணினித் திருத்தம் செய்யாத மூலக்கோப்புகளைக் கேட்டுப் பெற்று, அதில் ஒரு முழு உருவப் படத்தை மட்டும் இன்றும் சேர்த்து அனுப்புகிறேன். தழும்பு அதில் தெரிகிறது. ஸ்டுடியோவே வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், முன்பணம் கொடுக்கும்போதே மூலக்கோப்புகள் கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளைத் திரைக்குப் பதிலாகச் சாம்பல் திரையைக் கேளுங்கள், நிறத்தையும் தழும்பையும் மச்சத்தையும் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். எனக்கு அப்போது இதைச் சொல்ல ஆளில்லை.

அடுத்த மாதம் ஒரு நாடகத்துக்காக முடியை இன்னும் குட்டையாக வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டிய மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெர்மாகோல் அட்டையோடு வந்துவிடும்படி நண்பனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.