ஏற்காட்டு வீட்டுக் கணப்புக்கு எது தேவலை: சிமெண்டா, மண்ணா, ஃபயர் பிரிக்கா?

ஏற்காட்டில் எங்கள் பெரியப்பா வாங்கிப் போட்ட பழைய ஓட்டு வீட்டின் கூடத்தில் ஒரு கணப்பு உண்டு. சுவருக்குள்ளேயே கட்டின குளிர்காயும் அடுப்பு, அதிலிருந்து கூரையைத் தாண்டிப் போகிற புகைக்கூண்டு, வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம். பெருந்துறை வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அடுப்பு என்றால் சோறாக்குவதற்கு மட்டும்தான், ஆகவே அதன் உள்சுவரில் காரை உதிர ஆரம்பித்தபோது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை, கையில் கிடைத்த கொத்தனாரை விட்டு சிமெண்டும் எம் சாண்டும் கலந்து வழவழவென்று பூசிவிட்டோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அந்த மார்கழியில் தீ மூட்டி இரண்டு மணி நேரம் போயிருக்கும், 'பட்' என்று ஒரு சத்தம், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு தெறித்து வந்து பெரியம்மாவின் சால்வை மேல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. விடிந்து பார்த்தால் பின்சுவரில் பாதிப் பூச்சு சாம்பலோடு சாம்பலாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு மண் பூசிப் பார்த்தோம், ஃபயர் பிரிக் என்கிற சூடு தாங்கும் செங்கல் வைத்தோம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கணப்புக்குள் கதவு போட்ட இரும்புப் பெட்டி வைத்ததையும் பார்த்தாயிற்று. வால்பாறை, கோத்தகிரி, ஏற்காடு பக்கம் இப்படி ஒரு கணப்போடு வீடு வைத்திருக்கிறவர்களுக்கு எது எதைவிடத் தேவலை என்று என் கணக்கைச் சொல்கிறேன்.

சாமான் வாங்குவதற்கு முன்னால் பழுது எங்கே என்று தெரிய வேண்டும், ஏனென்றால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற இணைப்பில் வருகிற பழுதுக்கும் செங்கல்லிலேயே இருக்கிற பழுதுக்கும் மருந்து வேறு வேறு. நன்றாக ஆறின அடுப்பில் சாம்பலை அள்ளிவிட்டு, கம்பி பிரஷ் போட்டுக் கரியைத் தேய்த்து எடுங்கள், கரி இருக்கிற வரைக்கும் விரிசல் கண்ணுக்குப் படாது. பிறகு சாவிக்கொத்தின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே காதுதான் இதற்கும் வேண்டும்: கணீரென்றால் கல் நல்லா இருக்கிறது, 'டொப்' என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. இணைப்பில் ஆணியை வைத்துக் கீறுங்கள், மாவு மாதிரி கொட்டிக்கொண்டு அரை அங்குலம் உள்ளே போனால் அந்த வரிசை முழுக்கச் சுரண்டிப் புதிதாக அடைக்க வேண்டியதுதான். விரிசலுக்கு என் அளவு ஒரு ரூபாய் நாணயம். ஒன்று நுழையவில்லையென்றால் மயிரிழை விரிசல், பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதி ஒரு சீசன் கவனித்தால் போதும். இரண்டு நாணயத்தைச் சேர்த்துச் செருகி நுழைந்தால், அதாவது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர், அந்தக் கணப்பில் சரிபண்ணும் வரை தீ மூட்டாதீர்கள்.

இதைவிட மோசமான அடையாளம் கணப்புக்கு வெளியே இருக்கும். கூடத்துச் சுவரிலோ மாடத்துக்கு மேலேயோ புகை நாக்கு நீட்டின மாதிரிக் கறுப்புக் கறை தெரிந்தால் புகைக்கூண்டு ஓட்டை என்று அர்த்தம். அந்த வழியாக வருவது வெறும் புகை இல்லை, கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும், அதற்கு வாசமே கிடையாது. மலைப்பக்கம் குளிர்காலத்தில் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கினவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வருவது நமக்குப் புதிதா என்ன. கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மேலே இருந்து தண்ணீர் இறங்குகிறது, அப்போது தீயைவிட மழைதான் முதல் எதிரி.

சரி, சிமெண்டு. மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்தக் கொத்தனாருக்கும் கை பழகினது, ஆனாலும் கணப்பில் தீ எரிகிற குழிக்குள் அதற்கு வேலையே இல்லை. சாதா சிமெண்டு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் இறுகுகிறது. சூடு 400, 450 டிகிரியைத் தாண்டும்போது அதற்குள் இருக்கிற சுண்ணாம்பு அந்த நீரை விட்டுவிடுகிறது, ஆறினபின் ஏற்காட்டு ஈரக்காற்று பட்டதும் மறுபடி நீரை இழுத்து ஊதி உதிர்கிறது. போதாததற்கு மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருக்கும், எம் சாண்டும் கல்லை உடைத்ததுதானே, அதற்கும் இதே கதி. விறகு நன்றாகப் பிடித்து எரிந்தால் தழல் பக்கம் 600 டிகிரி சர்வசாதாரணம். எங்கள் கொத்தனார் மேல் தப்பில்லை, அவர் திண்ணைக்குப் பூசினதையே இங்கேயும் பூசினார், பூசச் சொன்னது நாங்கள்.

மண்ணைப் பற்றி எனக்கு முதலில் இளக்காரம்தான். பெரியம்மா சொன்னதுக்காகப் புற்றுமண்ணை நுணுக்கிச் சலித்து, ஆற்று மணலும் நறுக்கின வைக்கோலும் கொஞ்சம் சாணியும் சேர்த்து ஒரு நாள் ஊறவைத்துப் பூசினோம். அது தெறிக்கவில்லை. கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிற ஆலைக்கொட்டாயில் போய்ப் பார்த்தால் தெரியும், அவ்வளவு பெரிய கொப்பரையை ஏற்றி, கரும்புச் சக்கையைப் போட்டு எரிக்கிற அடுப்பே மண்ணால்தான் நிற்கிறது, விரிய விரியப் பூசிக்கொள்வார்கள். மண் இறுகுவதற்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தேவையில்லை, சூடு ஏற ஏற வேகும். விரிசல் விடும்தான், ஆனால் அந்த விரிசலை அடைக்க ஒரு கைப்பிடி மண் போதும். குறை என்னவென்றால் கட்டை இடித்தால் பெயர்ந்துவிடும், கூண்டு வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் கரைந்தே போய்விடும். எங்களுக்கு அந்த ஐப்பசியிலேயே கரைந்தது. வருஷத்துக்கு நாலு நாள் தீ மூட்டுகிற வீடு, கல்லெல்லாம் உறுதி, இணைப்பு மட்டும் போயிருக்கிறது, கூண்டுக்கு மூடி உண்டு என்றால் மண்ணே போதும் என்பேன்.

கல்லே போய்விட்டால் ஃபயர் பிரிக்தான். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது தெரியாத சாமான் இல்லை, கணபதிப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கிற எந்தப் பவுண்டரிக்குப் போனாலும் மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களிலும் இதுதான். கடையில் ஐஎஸ் 6, ஐஎஸ் 8 என்று தரம் சொல்வார்கள், முதலாவது நடுத்தரச் சூட்டுக்கு, அடுத்தது அதிகச் சூட்டுக்கு, வீட்டுக்கு முதலாவதே தாராளம். வாங்கும்போது 'நம்மூர்லதான் மாக்னசைட் வெட்டறாங்க, அந்தச் செங்கல்லு இன்னும் சூடு தாங்குமாமே' என்று சேலத்து நண்பர் ஒருவர் ஆசை காட்டினார். தாங்கும், ஸ்டீல் உலையில். மாக்னசைட் கல் சூட்டில் ரொம்பப் பருக்கும், சூடேறுவதும் ஆறுவதுமாக மாறி மாறி வந்தால் பிளந்துவிடும், ராத்திரி மூட்டிக் காலையில் அணைக்கிற வீட்டு அடுப்புக்கு அது தோதுப்படாது.

கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கல் 9 அங்குலத்துக்கு 4½, கனம் 3. எங்கள் கணப்பு மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம், எல்லாப் பக்கமும் கல்லின் அகன்ற முகம் தீயைப் பார்க்க நிறுத்தினால் பின்சுவருக்கு 27, இரண்டு பக்கமும் சேர்த்து 27, தரைக்கு 16, ஆக 70. ஒன்று மூன்றரை கிலோவுக்குக் குறையாது, ஆகக் கால் டன்னை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்ற வேண்டும், வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வைக்கிற விதத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பவுண்டரியில் இரும்பு உருக்குகிற கியூப்போலா உலைக்கு லைனிங், அதாவது உள்சுவர், போடுகிற ஒரு அண்ணன். நான் கொத்தனார் மாதிரி முக்கால் அங்குலத்துக்குக் கலவையை அப்பினதைப் பார்த்துவிட்டு, "கண்ணு, அது சுவத்துக்குங்க. இங்க வீபூதி பூசற கனந்தான் இருக்கோணும்" என்றார். ஃபயர் கிளே என்கிற சூடு தாங்கும் களிமண்ணை மோர் பதத்துக்குக் கரைத்துக் கல்லின் விளிம்பை அதில் முக்கி, பக்கத்துக் கல்லோடு வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி, பிதுங்கி வருகிறதை விரலால் வழித்தெடுத்தார். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் எங்கேயும் இடைவெளி இல்லை. புதுக் கல்லுக்கும் பழைய சுவருக்கும் நடுவில் விரல் போகிற சந்து விட்டு அதில் சாம்பலும் மணலும் கொட்டினார், கல் பருக்க இடம் வேண்டுமாம்.

ஃபயர் கிளேயிலும் இரண்டு ஜாதி இருப்பது பலருக்குத் தெரியாது. வெறும் ஃபயர் கிளே ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் வெந்தால்தான் கல்லாகும், வீட்டு அடுப்பில் இணைப்புகள் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை, ஆக அது கடைசிவரைக்கும் காய்ந்த மண்தான். சோடியம் சிலிகேட் கலந்தது காற்றிலேயே இறுகும், வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் சூடு காண்பதற்கு முன்னால் தண்ணீர் பட்டால் அதுவும் இளகும். ஆகவே மேலே கூண்டுக்குத் தகர மூடி போடாமல் கீழே எதையும் தொடாதீர்கள், நாங்கள் மண்ணை இழந்த பிறகுதான் மூடி போட்டோம்.

மூட்டையில் வருகிற காஸ்டபிள், அதாவது அலுமினா சிமெண்டில் சூடு தாங்கும் கல்தூள் கலந்தது, வளைந்த இடங்களுக்கும் தீ எரிகிற குழிக்கு மேலே கூண்டு குறுகுகிற தொண்டைக்கும் நல்லது. தண்ணீர் கூடினால் கெட்டது: கையில் உருண்டை பிடித்து ஒரு அடி மேலே போட்டுப் பிடியுங்கள், உடையவும் கூடாது, விரல் சந்தில் வழியவும் கூடாது. ஒரு நாள் ஈரச்சாக்கு போட்டு, பல நாள் காயவிட்டு, பிறகு சுள்ளித் தீயில் ஆரம்பிக்க வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும். உடைத்தெடுப்பது பெரும்பாடு என்பதால் முழுச் சுவரையும் இதில் வார்க்க எனக்கு மனசில்லை.

இரும்புப் பெட்டி வைப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் அறைக்கு வரும், மீதி ஆகாயத்துக்கு. கதவு வைத்த பெட்டியில் பாதிக்கு மேல் நமக்கு. தீ நேரே கல்லைத் தொடாததால் பழைய சுவரும் பிழைக்கும். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் செய்த மாதிரி குழாயைத் தொண்டையோடு நிறுத்திவிட்டால், அகலமான கூண்டில் புகை ஆறித் தாராகப் படியும், அதிலும் வெட்டின ஈரம் காயாத சில்வர் ஓக்கை எரித்தால் கேட்கவே வேண்டாம், ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் கூண்டின் உச்சி வரைக்கும் போக வேண்டும், செலவு அங்கேதான். தினமும் மூட்டுகிறவர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இதற்கே போகலாம். கதவை மூடித் தீயைப் பார்க்க முடியாது என்று பெரியம்மா மறுத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் கடைசியில் நின்றது எல்லாம் கலந்த ஏற்பாடுதான்: பின்சுவருக்கும் தரைக்கும் ஃபயர் பிரிக், பக்கச் சுவர்களில் பழைய நாட்டுச் செங்கல் உறுதியாக இருந்ததால் சுரண்டி ஃபயர் கிளே, கூரைக்கு மேலே வெயிலும் மழையும் படுகிற கூண்டுக்குச் சுண்ணாம்புக் காரை. கல்லு எத்தனை வருஷம் வரும் என்று அந்த அண்ணனிடம் கேட்டதற்கு, "லைனிங்னாலே தேயறதுக்குத்தானுங்க போடறது. தேயறது நம்ம கண்ணுக்குத் தெரியோணும், அவ்வளவுதான்" என்றார். அவர்கள் உலையில் ஒவ்வொரு தரம் உருக்கினபின்பும் உள்ளே இறங்கி ஒட்டுப்போடுகிறவர்கள். போன மார்கழிக்குப் பிறகு பின்சுவரின் மூன்றாவது வரிசையில் ஒரு கல்லில் மயிரிழை விட்டிருக்கிறது, பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கிறேன். நாணயம் இன்னும் நுழையவில்லை.